கண்டுபிடிப்புக் காலமும் பள்ளிக் கல்வியும்

கண்டுபிடிப்புக் காலம் என்பது, ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை, முதலில் போர்த்துகலும் ஸ்பெயினும் பின்னர் பிற ஐரோப்பிய நாடுகளும் கப்பல்களை அனுப்பித் தமக்குப் புதியனவாயிருந்த கடல்வழிகளைத் தேடிய காலப்பகுதியாகும். பள்ளிப் பாடங்களில் இது பெரும்பாலும் பெயர், ஆண்டு, இடம் என்னும் அட்டவணையாகச் சுருங்கிவிடுகிறது: 1488இல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிய பார்த்தலோமியோ டயஸ், 1492இல் கரீபியத் தீவுகளை அடைந்த கொலம்பஸ், 1519இல் புறப்பட்ட மகெல்லன். அட்டவணை தேர்வுக்கு உதவும். ஆனால் எந்தக் காற்று அவர்களைக் கொண்டுசென்றது, வழியை யார் காட்டினார்கள், போய்ச் சேர்ந்த கரையில் ஏற்கெனவே யார் வாழ்ந்து வணிகம் செய்துகொண்டிருந்தார்கள் என்பவை அதில் இடம்பெறுவதில்லை. இவற்றைக் கற்பிக்க, பல பயணங்களை மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒரு பயணத்தை முழுமையாக எடுத்துக்கொள்வதே பயனுள்ளது. கப்பலில் இருந்தவரே எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருப்பதால், வாஸ்கோ ட காமாவின் முதல் பயணம் இதற்கு மிகவும் பொருந்தும்.

1497 ஜூலை 8 அன்று லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்களுடன் புறப்பட்ட காமா, 1498 மே 20 அன்று கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரமிட்டார். அல்வாரோ வெல்யோ எழுதியதாகப் பொதுவாகக் கருதப்படும் அந்நாட்குறிப்பின்படி, கரைக்கு அனுப்பப்பட்ட முதல் ஆளை எதிர்கொண்டவர்கள் ஸ்பானிய மொழி பேசத் தெரிந்த துனிஸ் நகரத்து முஸ்லிம்கள் இருவர். இங்கே எதற்காக வந்தாய் என்று அவர்கள் அவனிடம் கடுகடுப்பாகக் கேட்டார்கள். கோழிக்கோட்டு மன்னரான சாமூதிரிக்குக் கொடுப்பதற்காகக் காமா எடுத்துவைத்த பொருள்களின் பட்டியலும் அக்குறிப்பில் உள்ளது: 12 துண்டுத் துணி, 4 சிவப்புத் தலைமூடிகள், 6 தொப்பிகள், 4 பவழச் சரங்கள், கைகழுவும் கிண்ணங்கள் 6 அடங்கிய பெட்டி, ஒரு பெட்டிச் சர்க்கரை, எண்ணெயும் தேனும் இரண்டிரண்டு பீப்பாய். இவற்றைப் பார்வையிட்ட அரசு அதிகாரிகள் சிரித்துவிட்டு, மெக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் கொடுப்பான், மன்னருக்குப் பொன்னே தகும் என்றார்கள். இப்பட்டியலை மாணவர்களிடம் கொடுத்து, ஏன் சிரித்தார்கள் என்று கேட்பது நல்ல தொடக்கமாகும். கோழிக்கோடு எத்தகைய செல்வமிக்க துறைமுகம் என்பதையும், வந்தவர்கள் அதைப்பற்றி எவ்வளவு குறைவாக அறிந்திருந்தார்கள் என்பதையும் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள்.

இப்பயணத்தைச் சுற்றி வளர்ந்த கதைகளும் பாடத்துக்கு உதவுபவையே. ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மலிந்தியிலிருந்து காமாவுக்கு வழிகாட்டியவர் புகழ்பெற்ற அரபு மாலுமி இப்னு மாஜித் என்று பல நூல்கள் இன்றும் எழுதுகின்றன. நாட்குறிப்பில் அப்பெயர் இல்லை. பிற்காலப் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் வழிகாட்டியைக் குஜராத்தைச் சேர்ந்தவர் என்கிறார்கள். ஆய்வாளர் பலர் இப்னு மாஜித் கதையை ஏற்பதில்லை. உலகம் தட்டையானது என்று நம்பியவர்களைக் கொலம்பஸ் எதிர்த்தார் என்னும் கதையும் இவ்வகையினதே. பூமி உருண்டை என்பது அக்காலக் கற்றோர் அறிந்த செய்தி. இக்கதை பரவுவதற்கு வாஷிங்டன் இர்விங் 1828இல் வெளியிட்ட கொலம்பஸ் வரலாறு பெரும் காரணமாயிற்று.

கருவிகளைப் பொறுத்தவரை, படம் காட்டுவதைவிடச் செய்யவைப்பது எளிது. துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே ஏறத்தாழ அவ்விடத்தின் அட்சரேகை, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே உள்ள தொலைவைக் குறிக்கும் கோண அளவு. வடிவியல் பெட்டியிலுள்ள பாகைமானியில் நூலும் சிறு எடையும் கட்டித் தொங்கவிட்டால், சென்னையில் சுமார் 13 பாகையை மாணவர்களே அளந்துவிடலாம். லிஸ்பனில் அது 39 பாகை அளவில் இருக்கும். இந்தியப் பெருங்கடலில் அரபு மாலுமிகள் கமால் என்னும் சிறு பலகையைப் பயன்படுத்தினர்: அதன் நடுவில் கோத்த முடிச்சுக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு விண்மீனையும் தொடும்படி பிடிப்பார்கள், எந்த முடிச்சு பல்லில் நிற்கிறதோ அதைக்கொண்டு அட்சரேகை அறியப்படும். நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் துருவ விண்மீன் மறைந்துவிடுவதால், போர்த்துகீசியர் நண்பகல் சூரியனின் உயரத்தை அஸ்ட்ரோலேப் என்னும் வட்டத் தகட்டுக் கருவியால் அளந்து, அட்டவணைகளோடு ஒப்பிட வேண்டியிருந்தது.

காற்றைக் கற்பிக்க இரண்டு எண்கள் போதும். மலிந்தியிலிருந்து இந்தியக் கரைக்கு வந்தபோது பருவக்காற்றின் துணையால் அரபிக்கடலைக் கடக்க 23 நாட்களே ஆயின. திரும்புகையில், உரிய பருவத்துக்குக் காத்திராமல் 1498 அக்டோபர் தொடக்கத்தில் கரையை விட்டதால், காற்று அடங்கியும் எதிர்த்தும் அலைக்கழிக்க, 1499 ஜனவரி 2 அன்றுதான் ஆப்பிரிக்கக் கரை தெரிந்தது. அதற்குள் ஈறு வீங்கும் ஸ்கர்வி நோயால், அதாவது காய்கனி இல்லா உணவால் வைட்டமின் சி குறைந்து வரும் நோயால், 30 பேர் இறந்தனர். ஆள் போதாமல் ஒரு கப்பலை எரித்துவிட நேர்ந்தது. அக்கடலில் பல தலைமுறைகளாக வணிகம் செய்தவர்கள் நாள் பார்த்தே பாய் விரித்தார்கள்.

ஐரோப்பியர் வருமுன் இந்தியப் பெருங்கடலில் நடந்த போக்குவரத்துக்கு, இலங்கையின் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள கல்வெட்டு சிறந்த சான்று. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் காணிக்கைகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்தையும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய வழிபாட்டையும் முன்னிறுத்துகின்றன.

வன்முறையை எந்த வயதில், எப்படிச் சொல்வது என்பது ஆசிரியர்களுக்குக் கடினமான கேள்வி. 1502இல் இரண்டாம் முறை வந்த காமா, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மிரி என்னும் கப்பலைக் கைப்பற்றி, பெண்களும் குழந்தைகளும் உட்பட அதிலிருந்தோருடன் தீக்கிரையாக்கினார். தொடக்க வகுப்புகளில் இதை விரிக்கத் தேவையில்லை. ஆனால் உயர்நிலை வகுப்புகளிலும் விட்டுவிடுவது, பாதிப் பயணத்தை மட்டும் சொல்வதாகும். இதைப் பதிவுசெய்தவர்களுள் ஒருவரான தோமே லோப்பஸ் அதே கப்பல் அணியில் சென்ற போர்த்துகீசியர் என்பதால், எதிர்த்தரப்பின் மிகைக்கூற்று என்று இதை ஒதுக்கவும் இயலாது.