விரும்பாத விடையும் அமானிதமே

நம் வீடுகளில் பெரியவர் முதல் பிள்ளைகள் வரை பலருடைய இடது தோளில் சிறு வட்டமாக ஒரு தழும்பைக் காணலாம். காசநோய்க்கு எதிராகப் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி விட்டுச் சென்ற அடையாளம் அது. திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே சென்று, வந்தவாசியைக் கடந்தால் பழைய செங்கல்பட்டு மாவட்டம் தொடங்கிவிடும். அந்த மாவட்டத்தின் கிராமங்களில்தான் இத்தடுப்பூசியைப் பற்றி உலகம் நடத்திய மிகப் பெரிய சோதனை நடந்தது. நம் ஊரிலிருந்து உயிரியல் படித்து ஆய்வகங்களுக்குச் செல்லும் பிள்ளைகளும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

பிரான்சு நாட்டின் கால்மெட், கெரான் என்னும் இரு அறிஞர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்து இத்தடுப்பூசியை உருவாக்கினர். மனிதருக்கு முதன்முதலில் அது 1921-இல் கொடுக்கப்பட்டது. இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் நாடு முழுவதும் பெருந்திரளான மக்களுக்கு இந்த ஊசி போடும் இயக்கம் நடந்தது. அதற்கு எதிர்ப்பும் இருந்தது. முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்த இராஜாஜி, 1955-இல் பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று விளக்கி ஒரு நூலே எழுதினார். நேருவின் அரசோ தடுப்பூசி இயக்கத்தில் உறுதியாக நின்றது. ஆக, இந்த ஊசி பலன் தருகிறதா என்னும் கேள்வி மருத்துவக் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. அரசின் மானமும் அதில் கலந்திருந்தது.

அறிவியல் உலகிலும் ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டனில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பருவத்தினரிடம் நடந்த சோதனை, ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு கிடைப்பதாகக் கூறியது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடந்த சோதனையில் கிடைத்த பாதுகாப்போ மிகச் சொற்பம். ஒரே ஊசி ஓரிடத்தில் காக்கிறது, மற்றோரிடத்தில் காக்கவில்லை. காசநோயின் சுமையை மிகுதியாகச் சுமந்த நம் நாட்டில் அது என்ன செய்கிறது? இதற்கு விடை காண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்துடனும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையுடனும் கைகோத்து, 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியைத் தேர்ந்தெடுத்தது.

ஒரு மாதக் குழந்தை முதல் முதியவர் வரை ஏறத்தாழ இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அச்சோதனையில் சேர்க்கப்பட்டனர். பாரிசு வகை, டென்மார்க்கு வகை என அக்காலத்தில் மிகச் சிறந்தவையாகக் கருதப்பட்ட இரு தடுப்பூசிகள் தெரிவுசெய்யப்பட்டன. ஒவ்வொன்றும் முழு அளவிலும், அதில் பத்தில் ஒரு பங்கு அளவிலும் போடப்பட்டது. இன்னொரு பிரிவினருக்குத் தடுப்பு மருந்து ஏதுமில்லாத வெறும் நீர்மம் போடப்பட்டது. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது. ஊசி போட்டுக்கொண்டவருக்கும் அது தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. பின்னாளில் மார்பு எக்ஸ்ரே படத்தைப் பார்த்தவருக்கும், சளி மாதிரியில் கிருமியைத் தேடிய ஆய்வகப் பணியாளருக்கும்கூடத் தெரியாது. குறியீட்டு எண்களே அனைத்தையும் மறைத்து நின்றன.

இந்த மறைப்புக்குக் காரணம், பணியாளர்களின் நேர்மையில் கொண்ட ஐயம் அன்று. மனித மனத்தின் இயல்பை அறிந்து செய்த ஏற்பாடு அது. விடை இன்னதாக இருக்க வேண்டும் என்று விரும்பும் மனிதன், நுண்ணோக்கியில் மங்கலாகத் தெரியும் ஒன்றைத் தன் விருப்பத்தின் பக்கமே சாய்த்து எண்ணுவான். அவன் பொய் சொல்லவில்லை. ஆயினும் உண்மையைச் சொல்லவுமில்லை. நல்லவரையும் அவருடைய ஆசையிலிருந்து காப்பதற்காகவே அறிவியல் இத்தகைய வேலிகளை அமைத்தது.

ஏழரை ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவுகள் 1979-இல் வெளியாயின. நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுத்ததாகத் தெரியவில்லை என்பதே அவற்றின் சாரம்.

அந்த நிலையில் ஆய்வாளர்களின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பத்தாண்டுக்கும் மேலான உழைப்பு. மூன்று பெரிய அமைப்புகளின் பொருட்செலவு. கோடிக்கணக்கான மக்களுக்கு அரசு முன்னின்று போட்ட ஊசி. எதிர்ப்பாளர்கள் கையில் ஆயுதம் கொடுப்பது போன்ற முடிவு. சாதகமாகத் தோன்றும் ஒரு சிறு பிரிவினரை மட்டும் எடுத்துக்காட்டி, எஞ்சியதை அலமாரியில் பூட்டிவைக்க வழியில்லாமலா போயிருக்கும்? ஆனால் முடிவு உலக சுகாதார நிறுவனத்தின் இதழிலேயே உள்ளது உள்ளபடி அச்சேறியது. எங்கேனும் தவறு நேர்ந்ததா, மருந்து வீரியம் இழந்திருந்ததா என வல்லுநர் குழுக்கள் ஆராய்ந்தன. சோதனையின் அமைப்பும் நடத்தையும் செம்மையானவை என்றே கண்டன. கண்காணிப்பும் அத்துடன் நின்றுவிடவில்லை. பதினைந்து ஆண்டு முடிவுகள் 1999-இல் வெளியிடப்பட்டன. சிறுவரிடம் சிறிதளவு பாதுகாப்பு, பெரியவரிடம் இல்லை என்பதே அப்போதும் கிடைத்த விடை.

அந்த உண்மையால் தடுப்பூசி அழிந்துவிடவில்லை. அதன் உரிய இடம் விளங்கியது. பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் சான்று உண்டு. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது. பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுக்க அதை மட்டும் நம்பியிருக்கலாகாது, நோயாளியைக் கண்டறிந்து மருந்து கொடுப்பதே வழி என்பதும் தெளிவாயிற்று. மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகள் ஊசியின் பலனை மறைக்கின்றனவா என்னும் புதிய ஆராய்ச்சியும் இதிலிருந்து கிளைத்தது. மறைத்திருந்தால் இவை யாவும் பல்லாண்டு தள்ளிப்போயிருக்கும்.

இன்று ஆய்வகத்தில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாறு தரும் பாடங்கள் மிக எளியவை. சோதனையைத் தொடங்கும் முன்னரே எதைக் கேட்கிறோம், எத்தனை மாதிரிகள், எந்த அளவீடு விடையைத் தீர்மானிக்கும் என்று எழுதி வையுங்கள். பக்க எண்ணிட்ட குறிப்பேட்டில் அன்றன்றே தேதியுடன் எழுதுங்கள். பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்துக் காரணத்தைப் பக்கத்தில் குறியுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள். எண்ணுவதற்கு முன் மாதிரிகளுக்குக் குறியீடு இடும் பணியை உடன் பணிபுரிபவரிடம் ஒப்படையுங்கள். ஒரே குழாயிலிருந்து மூன்று முறை அளந்தால் அது மூன்று சோதனைகள் ஆகாது. தனித்தனியே மூன்று முறை செய்ததே மூன்று. வளர்க்கும் செல்கள் எவை என்று நினைக்கிறீர்களோ அவைதாமா என்பதை உரிய சோதனையால் உறுதிசெய்யுங்கள். ஜெல் படத்தின் மூலக் கோப்பை அப்படியே பாதுகாத்து வையுங்கள். படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெளிச்சமாக்குவதும், ஒரு பட்டையை வேறிடத்தில் ஒட்டுவதும் மோசடியே. கட்டுரை வெளியான பின் பிழை தெரிய வந்தால் நீங்களே இதழுக்கு எழுதுங்கள். அதனால் குறைவு ஏதும் வந்துவிடாது. அது மானம் காக்கும் செயல்.

நம் மரபுக்கு இது புதியதன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள் பலவீனமான அறிவிப்புகளையும் இட்டுக்கட்டப்பட்டவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு மௌனமாக இருந்துவிடவில்லை. அவற்றையும் திரட்டி, இன்ன காரணத்தால் ஏற்கத்தக்கதன்று என்று குறித்து வைத்தார்கள். பின்வருபவர் ஏமாறாதிருக்க வேண்டும் என்பதே அவர்களின் கவலை.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். பெருநாளைக்கு ஊர் வரும் மகளிடமோ மகனிடமோ, “ஆராய்ச்சி எப்போது முடியும்? இன்னும் ரிசல்ட் வரவில்லையா?” என்று உறவினர் பலரும் கேட்கிறோம். அன்பினால் கேட்கிறோம் என்றாலும், ஏற்கெனவே மேற்பார்வையாளரின் அவசரத்திலும் உதவித்தொகையின் கெடுவிலும் நெருக்குண்டிருக்கும் பிள்ளைக்கு அக்கேள்வி மேலும் ஒரு பாரம். எண்களைச் சற்றே திருத்திவிடலாம் என்னும் எண்ணம் அத்தகைய பாரத்தின் கீழேதான் பிறக்கிறது. “எதிர்பார்த்தது வரவில்லை” என்று பிள்ளை சொல்லும்போது முகம் வாடாமல், “வந்ததை அப்படியே எழுது” என்று சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருக்கட்டும்.

அந்தக் கிராமத்து மக்கள், தம் தோளில் இறங்குவது மருந்தா வெறும் நீரா என்று அறியாமலே கையை நீட்டினார்கள். அவர்கள் ஒப்படைத்த அமானிதம், விரும்பிய விடையாக அன்றி உண்மையான விடையாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நம் பிள்ளைகளின் கைகளிலும் இத்தகைய அமானிதங்கள் இருக்கின்றன. அவர்கள் அவற்றைக் குறைவின்றி ஒப்படைப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.