மீள்தொடக்கச் சுழல்

மீள்தொடக்கச் சுழல் என்பது வழங்கியில் இயங்கும் சேவை ஒன்று தொடங்கிய சிறிது நேரத்திலேயே நின்றுபோய், கண்காணிப்பு நிரலால் மீண்டும் தொடக்கப்பட்டு, மறுபடியும் அதே இடத்தில் நின்றுபோகும் நிலை ஆகும். கணினியாளர் வழக்கில் இது கிராஷ் லூப் எனப்படுகின்றது. சேவை மட்டுமன்றிக் கணினி முழுவதும் இவ்வாறு மீள மீளத் தொடங்குமாயின் அது பூட் லூப் எனப்படும். இந்நிலை மென்பொருள் மேம்படுத்தலை அடுத்தே மிகுதியாகத் தோன்றுகின்றது. மேம்படுத்தும்போது நிரல் மாறுகின்றது. ஆனால் அதைச் சூழ்ந்துள்ள அமைவுக் கோப்புகள், தரவுகள், அனுமதிகள் ஆகியவை பழையபடியே இருந்துவிடுகின்றன. பெரும்பாலான சுழல்கள் இந்தப் பொருந்தாமையிலிருந்தே பிறக்கின்றன.

பயனருக்கு இது சேவை முற்றாக நின்றுவிட்டதைப் போலத் தோன்றுவதில்லை. எருமப்பட்டியிலுள்ள மாணவர் ஒருவர் தேர்வு முடிவைக் காட்டும் பக்கம் ஒன்றைத் திறக்கிறார் எனக் கொள்வோம். முதல் முறை பக்கம் வருகின்றது, அடுத்த முறை வருவதில்லை, சற்றுப் பொறுத்து மீண்டும் வருகின்றது. அவர் தம் இணைய இணைப்பையே ஐயுறுவார். நிமிடத்திற்கு ஒருமுறை மட்டும் சோதிக்கும் கண்காணிப்புக் கருவியும், சோதிக்கும் நொடியில் சேவை எழுந்திருந்தால் எல்லாம் நலம் என்றே காட்டும்.

தானியங்கு மீள்தொடக்கத்தின் தோற்றம்

நின்றுபோன நிரலை மனிதர் தலையீடின்றி மீண்டும் தொடக்கும் வழக்கம் யுனிக்சு இயங்குதளத்திலேயே உண்டு. சிஸ்டம் ஃபைவ் வகை இனிட் நிரலின் அமைவுக் கோப்பில் ரீஸ்பான் என்னும் சொல்லைக் குறித்தால், அப்பணி இறக்கும்போதெல்லாம் இனிட் அதனை மீண்டும் எழுப்பும். சுழலின் இடரும் அப்போதே உணரப்பட்டிருந்தது. லினக்சில் பயன்பட்ட இனிட், இரண்டு நிமிடத்திற்குள் ஒரு பணி பத்து முறைக்கு மேல் இறந்தால், அது அளவுக்கு மீறிய விரைவில் எழுகின்றது என்று அறிவித்து ஐந்து நிமிடம் அதை முடக்கி வைத்தது.

2010 இல் இலெனார்ட் பாட்டரிங், கே சீவர்சு ஆகியோர் வெளியிட்ட சிஸ்டம்-டி பின்னர் பெரும்பாலான லினக்சு வழங்கல்களில் இனிட்டின் இடத்தைப் பிடித்தது. டெபியன் 2015 இல் வெளியான தன் எட்டாம் பதிப்பில் இதனை இயல்பிருப்பாக ஏற்றது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

சிஸ்டம்-டியின் இயல்பிருப்பு அமைவில், பத்து நொடிக்குள் ஐந்து முறை தொடங்கிய சேவை அதற்கு மேல் தொடக்கப்படாது, தோல்வியுற்றதாகக் குறிக்கப்படும். இரு தொடக்கங்களுக்கு இடையேயான ஓய்வு இயல்பாக 100 மில்லிநொடி மட்டுமே என்பதால், உடனடியாக இறக்கும் சேவை விரைவிலேயே இவ்வரம்பை எட்டி நின்றுவிடும். ஆனால் பல பொதிகளின் அலகுக் கோப்புகளில் இவ்வோய்வு ஐந்து நொடி அல்லது அதற்கும் மேலாக உயர்த்தப்பட்டிருக்கின்றது. அப்போது பத்து நொடிக்குள் இரண்டு, மூன்று தொடக்கங்களே நிகழும். வரம்பு ஒருபோதும் எட்டப்படாது. சேவை நாள்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும். நல்லெண்ணத்தோடு கூட்டப்பட்ட ஓய்வுநேரமே தடுப்பைச் செயலிழக்கச் செய்துவிடுவதைப் பலர் கவனிப்பதில்லை.

கொள்கலன் முறைகள் வேறு வழியைக் கையாளுகின்றன. டாக்கர் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கி, மிகுதியாக ஒரு நிமிடம் வரை கூட்டும். குபர்னெட்டீசு 10, 20, 40 நொடி என்று கூட்டிக்கொண்டே போய் ஐந்து நிமிடத்தில் நிறுத்தும். இந்நிலையை அது கிராஷ்லூப்பேக்ஆஃப் என்று காட்டுகின்றது. பழுதான லாரியின் சாவியை விடாமல் திருகிக்கொண்டிருந்தால் வண்டி கிளம்பாது, மின்கலம் மட்டுமே இறங்கும் என்பது நாமக்கல் பட்டறைகளில் எவரும் அறிந்தது. காத்திருப்பு நேரம் கூட்டப்படுவதன் நோக்கமும் இத்தகையதே. ஒவ்வொரு தொடக்கமும் தரவுத்தளத்தையும் வட்டையும் செயலகத்தையும் சுமைப்படுத்துவதால், நோயுற்ற ஒரு சேவை நலமான அண்டைச் சேவைகளையும் வீழ்த்தக்கூடும்.

காரணங்கள்

மிகப் பரவலான காரணம், புதிய பதிப்பு நீக்கிவிட்ட ஓர் அமைவு பழைய கோப்பில் எஞ்சியிருப்பதாகும். 2018 இல் வெளியான மைஎஸ்கியூஎல் 8.0, முந்தைய பதிப்புகளில் இருந்த வினவல் இடைமாற்றை முற்றிலும் நீக்கியது. 5.7 பதிப்புக்காக எழுதப்பட்ட அமைவுக் கோப்பில் அதன் அளவைக் குறிக்கும் ஒரே ஒரு வரி இருந்தாலும், 8.0 அதனை அறியாத மாறி என்று கூறி நின்றுவிடும். உபுண்டு 18.04 இலிருந்து 20.04 க்கு மாறியபோது தரவுத்தளமும் 5.7 இலிருந்து 8.0 க்கு மாறியதால், தரவுத்தளத்தைத் தொடுவதாகவே நினைக்காதவர்களும் இச்சுழலில் சிக்கினர்.

தரவின் வடிவம் மாறுவது இரண்டாவது காரணம். போசுட்கிரெசு தரவுத்தளத்தின் ஒவ்வொரு பெரும்பதிப்பும் தனக்கு முந்தைய பெரும்பதிப்பின் தரவு அடைவை நேரடியாகத் திறப்பதில்லை. டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் இரு பதிப்புகளும் அருகருகே நிறுவப்படுவதால் இது பெரும்பாலும் தவிர்க்கப்படுகின்றது. கொள்கலனில், பதிப்பெண் குறிக்காமல் எப்போதும் அண்மையது என்று எழுதி வைத்தவர்களுக்கே இத்துன்பம் நேர்கின்றது. படிமம் ஒருநாள் 15 இலிருந்து 16 ஆகிவிடும். தரவோ 15 ஆகவே இருக்கும். எப்போதும் மீள்தொடக்கு என்னும் கட்டளையும் உடனிருப்பதால் கொள்கலன் ஓயாது சுழலும். இங்கே தரவுக்கு எந்தக் கேடும் நேர்ந்திருப்பதில்லை. பழைய பதிப்பெண்ணைக் குறித்துத் தொடக்கினால் சேவை மீளும். பதற்றத்தில் தரவு அடைவை அழித்துப் புதிதாகத் தொடங்குபவர்களே உண்மையான இழப்பை வருவித்துக்கொள்கின்றனர்.

மூன்றாவது காரணம் எளிதில் புலப்படாதது. தீங்கில் மற்றவற்றை விஞ்சியது. மேம்படுத்திய பின் முதன்முறை தொடங்கும்போது சில சேவைகள் தம் தரவைப் புதிய வடிவத்துக்கு மாற்றுகின்றன, அல்லது பழைய பரிமாற்றப் பதிவுகளிலிருந்து தரவை மீட்கின்றன. பெரிய தரவுத்தளத்தில் இது பல நிமிடம் எடுக்கும். ஆனால் தான் ஆயத்தமாகிவிட்டதைச் சேவையே அறிவிக்க வேண்டிய முறையில் அமைந்திருந்தால், சிஸ்டம்-டி இயல்பாக 90 நொடி மட்டுமே காத்திருக்கும். அதற்குள் அறிவிப்பு வராவிடில் சேவையை நிறுத்திவிடும். மீண்டும் தொடக்கம், மீண்டும் மாற்றும் பணி, மீண்டும் 90 ஆம் நொடியில் நிறுத்தம் என்று சுழல் தொடரும். சேவையில் வழு எதுவும் இல்லை, பொறுமையின்மையே வழு. தொடக்கக் காலவரம்பை உயர்த்துவது ஒன்றே இதற்கான தீர்வு. மரியாடிபி ஆவணங்களும் இவ்வரம்பை உயர்த்தும் முறையை விளக்குகின்றன.

பிற காரணங்களாவன: இயங்குதள மேம்படுத்தலில் பைத்தான் பதிப்பு மாறி, பழைய பதிப்புக்கு நிறுவிய நிரலகங்கள் கிடைக்காமற் போதல்; பழைய பணி இன்னும் இறக்காமல் அதே துறையைப் பிடித்துக்கொண்டிருத்தல்; கோப்புகளின் உரிமையாளர் மாறியிருத்தல்; ஆப்ஆர்மர், எஸ்இலினக்சு போன்ற காப்பு முறைகள் புதிய பாதையைத் தடுத்தல்; வட்டு நிரம்பியிருத்தல். மேம்படுத்தலின்போது இறக்கப்படும் பொதிகளே வட்டை நிரப்பிவிடுவதும் உண்டு. நிர்வாகி எப்போதோ எட்சி அடைவில் வைத்த அலகுக் கோப்பின் முழுப்படி, பொதியோடு வரும் புதிய அலகுக் கோப்பை மறைத்து, இப்போது இல்லாத பழைய நிரற்பாதையையே அழைத்துக்கொண்டிருப்பது தேர்ந்தவர்களையும் ஏமாற்றும் காரணமாகும்.

கண்டறிதல்

முதலிற் செய்யவேண்டியது சேவையை நிறுத்துவதாகும். சுழன்றுகொண்டிருக்கும் சேவையை ஆராய்வது கடினம். ஒவ்வொரு சுற்றும் பதிகைகளைப் பெருக்கி, பயனுள்ள முதற்பிழையைப் பல்லாயிரம் வரிகளுக்கு அடியிற் புதைத்துவிடுகின்றது. ஆயினும் தரவை மாற்றும் பணி நடந்துகொண்டிருக்கக் கூடுமாயின், அதனை உறுதிசெய்த பின்னரே நிறுத்துதல் வேண்டும்.

சுழலின் கால அளவு ஒரு நல்ல துப்பு. தொடங்கிய நொடியிலேயே இறந்தால் அமைவுக் கோப்பு, நிரற்பாதை, அனுமதி ஆகியவற்றை ஐயுறலாம். ஒவ்வொரு முறையும் மிகச்சரியாக ஒரே இடைவெளியில், குறிப்பாக 90 நொடியில் இறந்தால், அது தானாக இறக்கவில்லை, காலவரம்பால் கொல்லப்படுகின்றது. சில நிமிடமோ சில மணியோ ஒழுங்கின்றி இயங்கி இறந்தால், நினைவகம் தீர்தல் அல்லது குறிப்பிட்ட ஒரு வேண்டுகோள் வரும்போது நிரல் முறிதல் காரணமாகலாம்.

அடுத்த துப்பு வெளியேற்ற எண். ஒரு குறிகையால் கொல்லப்பட்ட பணியின் எண்ணைக் கொள்கலன்களும் கட்டளை ஓடுகளும் 128 உடன் குறிகையின் எண்ணைக் கூட்டிக் காட்டுகின்றன. எனவே 137 என்பது 9 ஆம் குறிகையான கட்டாயக் கொலையைச் சுட்டும். நினைவகம் தீர்ந்தபோது கருனி இக்குறிகையையே அனுப்பும். 139 என்பது நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டதையும், 143 என்பது முறையாக நிறுத்தச் சொல்லப்பட்டதையும் குறிக்கும். சிஸ்டம்-டி தனக்கென வைத்துள்ள எண்களில் 203 நிரலை இயக்கவே முடியவில்லை என்பதையும், 217 குறிப்பிட்ட பயனர் கணக்கில் சிக்கல் என்பதையும் காட்டும். 1 என்னும் எண் பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை.

பதிகைகளைப் படிக்கும்போது கடைசி வரியைவிட, மேம்படுத்தலுக்குப் பின்வந்த முதற் பிழைவரியே முதன்மையானது. சேவை மேலாளரின் பதிகை, சேவை இறந்தது என்பதை மட்டுமே சொல்லும். ஏன் இறந்தது என்பது பலவேளைகளில் சேவையின் சொந்தப் பதிகையிலேயே இருக்கும். உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் தன் பிழைகளைத் தனிக் கோப்பில் எழுதுவதால், ஜர்னலை மட்டும் பார்த்தவர்கள் மேற்கூறிய அறியாத மாறி என்னும் வரியைக் காணாமலே போவர். குபர்னெட்டீசில் இறந்துபோன முந்தைய கொள்கலனின் பதிகையைத் தனியாகக் கேட்டுப் பெறவேண்டும். இல்லையெனில் புதிதாக எழுந்த கொள்கலனின் வெற்றுப் பதிகையே கிடைக்கும்.

பின்னர், எது மாறியது என்று காணவேண்டும். டெபியன் வழி இயங்குதளங்களில் எந்த நாளில் எந்தப் பொதி எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறியது என்பதை ஆப்ட், டிபிகேஜி ஆகியவற்றின் பதிகைகள் காட்டும். மேம்படுத்தலின்போது பழைய அமைவுக் கோப்பையே வைத்துக்கொள் என்று விடையளித்திருந்தால், பொதியின் புதிய கோப்பு டிபிகேஜி-டிஸ்ட் என்னும் பின்னொட்டுடன் அருகிலேயே இருக்கும். ரெட் ஹாட் வழியில் அப்பின்னொட்டு ஆர்பிஎம்நியூ ஆகும். இரண்டையும் ஒப்பிட்டால் பாதிச் சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிடில், சேவைக்குரிய பயனர் கணக்கிலேயே நிரலைக் கையால் இயக்கிப் பார்க்கலாம். மேலாண்மைப் பயனராக இயக்கினால் அனுமதிச் சிக்கல்கள் மறைந்துவிடுவதோடு, புதிதாக உருவாகும் கோப்புகளின் உரிமையும் மாறி இன்னொரு சிக்கல் சேர்ந்துவிடும்.

பழைய பதிப்புக்குத் திரும்புதல்

காரணம் புலப்படாதபோது பழைய பதிப்புக்குத் திரும்புவது முறையே. ஆனால் புதிய பதிப்பு ஒருமுறையேனும் வெற்றியாகத் தொடங்கித் தரவை மாற்றிவிட்டதா என்பதைப் பொறுத்தே அது இயலும். மைஎஸ்கியூஎல் 8.0 இலிருந்து 5.7 க்குத் தரவு அடைவோடு இறங்குவது ஆதரிக்கப்படுவதில்லை. மேம்படுத்தலுக்கு முன் எடுத்த காப்புப்படி ஒன்றே வழி. அக்காப்புப்படிக்குப் பின் பயனர்கள் பதிந்தவை அதில் இரா. ஆகவே திரும்பும் முடிவை எவ்வளவு தாமதிக்கின்றோமோ அவ்வளவு தரவு இழக்கப்படும்.

2024 சூலை 19 நிகழ்வு

உலக அளவில் மிகப்பெரிய மீள்தொடக்கச் சுழல் 2024 சூலை 19 அன்று நிகழ்ந்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஃபால்கன் பாதுகாப்பு மென்பொருளுக்கு, இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு ஓர் உள்ளடக்கக் கோப்பு அனுப்பப்பட்டது. அதைப் படித்த விண்டோசு கணினிகள் நீலத்திரையுடன் முறிந்து, மீண்டும் தொடங்கி, மீண்டும் முறிந்தன. மைக்ரோசாப்ட் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. லினக்சு, மேக் கணினிகளை இக்கோப்பு பாதிக்கவில்லை.

காரணம் மிகச் சிறியது. கோப்பின் வகைக்கு 21 உள்ளீட்டுப் புலங்கள் வரையறுக்கப்பட்டிருந்தன. நிரலோ 20 மதிப்புகளை மட்டுமே வழங்கியது. இல்லாத 21 ஆம் மதிப்பைத் தேடி, உரிய எல்லைக்கு வெளியே நினைவகத்தைப் படித்ததால் முறிவு ஏற்பட்டது. கருனி மட்டத்தில் இயங்கும் நிரலாதலால், அது முறிந்தபோது கணினி முழுவதும் வீழ்ந்தது. ஒரு பதிப்பு பின்தங்கியே இற்றைப்படுத்துவோம் என்று முன்னெச்சரிக்கையாக அமைத்திருந்த நிறுவனங்களும் தப்பவில்லை. அவ்வமைப்பு மென்பொருளின் பதிப்புகளுக்கு மட்டுமே பொருந்தியது; உள்ளடக்கக் கோப்புகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சென்றன.

தவறான கோப்பு காலை 10.57 மணிக்கு, அதாவது 78 நிமிடத்தில், திரும்பப் பெறப்பட்டது. எனினும் சுழலில் சிக்கிய கணினிகளுக்கு அது பெரிதும் பயன்படவில்லை. பிணையத்தை எட்டித் திருத்தத்தைப் பெறுமுன்னரே அவை முறிந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு கணினியையும் காப்புநிலையில் தொடக்கி, 291 என்னும் எண் கொண்ட கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. வட்டு மறையாக்கம் செய்யப்பட்ட கணினிகளில் அதற்கு மீட்புத் திறவுகோலும் தேவைப்பட்டது. அத்திறவுகோல்கள் சில இடங்களில் இதே சுழலில் சிக்கிய வழங்கிகளிலேயே இருந்தன. அசூர் மெய்நிகர்க் கணினிகள் சில, பதினைந்து முறை வரை மீண்டும் மீண்டும் தொடக்கிய பின் தாமாகவே மீண்டன. பிணைய இணைப்பு முந்திக்கொண்ட ஏதோவொரு சுற்றில் திருத்தம் வந்து சேர்ந்ததே இதற்குக் காரணம் எனக் கருதலாம்.

இந்தியாவில் வானூர்தி நிலையங்களே பெரிதும் பாதிக்கப்பட்டன. சென்னை உட்படப் பல நிலையங்களில் பயணச் சரிபார்ப்பு கையால் நடந்தது; இருக்கை அனுமதிச் சீட்டுகள் பேனாவால் எழுதித் தரப்பட்டன. இண்டிகோ நிறுவனம் ஏறத்தாழ 200 பறப்புகளை நீக்கியது. பத்து வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களும் மட்டுமே சிறு இடையூறுகளுக்கு உள்ளாயின என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. மறுநாள் அதிகாலை 3 மணி முதல் வானூர்தி நிலையங்களின் கணினி முறைகள் இயல்பாக இயங்குவதாக வானூர்திப் போக்குவரத்து அமைச்சகம் தெரிவித்தது. இந்நிகழ்வுக்குப் பின் கிரவுட்ஸ்டிரைக் தன் உள்ளடக்கக் கோப்புகளையும் சிறு தொகுதிக் கணினிகளில் முதலில் சோதித்துப் படிப்படியாக வெளியிடும் முறைக்கு மாறியது.