ஒரு நொடிக் காவல்

வலியைக் கேட்டு வாங்குகிற இடத்தில், வலிக்கு வெளியே ஒருவர் நிற்கணும். பி.டி.எஸ்.எம். கூடுகைகளில் அவர் பெயர் ‘டன்ஜன் மானிட்டர்’. குடிக்கமாட்டார், ஆட்டத்தில் சேரமாட்டார். நிறுத்தச் சொல்லியும் அடி ஓயலைன்னா குறுக்கே போவார். 1983-ல் நியூயார்க்கின் ஜி.எம்.எஸ்.எம்.ஏ. அமைப்பு ‘பாதுகாப்பு, நிதானம், சம்மதம்’ என்று எழுதிவைத்தது. எங்க நெல்லைப் பக்கக் கொடைகளில், அலகு குத்தினவரின் தோளை ஒட்டி அவர் முகத்தையே பார்த்து நடக்கும் ஆளை நான் கண்டிருக்கிறேன். பக்தி வேறு, இன்பம் வேறு, காவல் ஒன்றுதான்.

சட்டம்? 1993-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, பிரவுன் வழக்கில், 3-க்கு 2 என்ற கணக்கில் சம்மதத்தைத் தள்ளியது. நம் 1860 தண்டனைச் சட்டத்தின் 87-ஆம் பிரிவோ 18 வயது கடந்தவரின் சம்மதத்தை ஏற்றது, கொடுங்காயம் கருதியோ, வருமெனத் தெரிந்தோ செய்யாதவரை. எலும்பு முறிந்தாலே கொடுங்காயம். அந்தக் கோட்டை நீதிபதி பிறகு நிதானமாக அளப்பார். மானிட்டருக்கு ஒரு நொடிதான்.