தணிக்கை மறைத்த மன்னிப்பு
வெர்டியின் ‘ஸ்டிபேலியோ’ இசை நாடகம் மீண்டு வந்த வரலாறு

இத்தாலிய இசை நாடகம் என்றவுடன் உலகத்தார் நினைவுக்கு வரும் பெயர்களுள் தலையாயது ஜூஸெப்பே வெர்டி என்பதாகும். 1813இல் பிறந்து 1901இல் மறைந்த அப்பெருமகனார் இயற்றிய ‘ரிகொலெத்தோ’, ‘லா திராவியாத்தா’, ‘அயீதா’ ஆகியவை இன்றும் பெரிய அரங்குகளில் தொடர்ந்து நடிக்கப்பட்டு வருகின்றன. ஆனால், ‘ரிகொலெத்தோ’ அரங்கேறுவதற்கு ஏறத்தாழ நான்கு திங்கள் முன்னதாக அவர் மேடையேற்றிய ‘ஸ்டிபேலியோ’வைப் பெயரளவில் அறிந்தோரும் சிலரே. நூறாண்டுக்கு மேலாக அந்நாடகம் மேடையில் இல்லாமற் போனதே இதற்குக் காரணம். இன்று அதன் மேடை நிகழ்ச்சிகள் படமாக்கப்பட்டு, வீட்டிலிருந்தபடியே காணும் வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. அப்படத்தைக் காண அமர்வோர் அந்நாடகம் பட்ட பாட்டையும் அறிந்திருத்தல் நலம்.

நாடகத்தின் கதை

கதை நிகழும் இடம் ஆஸ்திரிய நாட்டில் சால்ஸ்பர்க் நகருக்கு அருகில் ஆற்றோரமாய் அமைந்த ஒரு கோட்டை. காலம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஸ்டிபேலியோ என்பவன் புராட்டஸ்டண்டு சமயப் பிரிவொன்றின் போதகன். கொடுமைக்குத் தப்பி மறைந்து வாழ்ந்த காலத்தில் ரொடோல்போ என்ற பெயருடன் அக்கோட்டையில் அடைக்கலம் புகுந்து, கோட்டைத் தலைவரான ஸ்தங்கார் என்னும் முதிய படைத்தலைவரின் மகள் லீனாவை மணந்தவன். அவன் சமயப் பணிக்காக வெளியூர் சென்றிருந்தபோது, ரபயேலே என்ற இளைஞன் லீனாவை ஏமாற்றித் தன்வயப்படுத்தி விடுகிறான்.

திரும்பி வந்த ஸ்டிபேலியோவிடம் ஒரு செய்தி கூறப்படுகிறது. கோட்டைச் சாளரத்திலிருந்து எவனோ ஒருவன் ஆற்றில் குதித்து ஓடியதைப் படகோட்டி கண்டிருக்கிறான். ஓடியவன் தவறவிட்ட கடிதப் பையும் போதகன் கைக்கு வருகிறது. அதனுள் யாருடைய குற்றத்திற்குச் சான்று இருக்கிறது என்பதை அவன் அறியான். பிறர் பிழையைத் துருவிப் பார்ப்பது தகாது என்று கூறி, பிரித்தும் பாராமல் அதைத் தீயில் இடுகிறான். எல்லாரும் அவன் பெருந்தன்மையைப் புகழ்கின்றனர். அயலான் குற்றத்தை மன்னிப்பது இவ்வளவு எளிது! அக்குற்றம் தன் வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது என்று அறியும்போது அவன் என் செய்வான்? நாடகம் முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே நடக்கிறது.

இரண்டாம் அங்கம் இரவு நேரக் கல்லறைத் தோட்டத்தில் நிகழ்வது. உண்மை வெளிப்படுகிறது. சினம் தலைக்கேறிய போதகன் வாளைக் கையில் எடுக்கிறான். அவ்வேளையில் அருகிலுள்ள கோயிலிலிருந்து இறைவனிடம் இரக்கம் வேண்டும் கூட்டுப் பாடல் எழுகிறது. மக்கள் தங்கள் போதகனுக்காகக் காத்திருக்கின்றனர் என்று முதியவர் யோர்க் வந்து நினைவூட்டுகிறார். கணவனுக்கும் போதகனுக்கும் இடையே ஓர் உள்ளம் பிளவுபடுவதை இசையிலேயே காட்டிவிடுகிறார் வெர்டி.

மூன்றாம் அங்கத்தில் ஸ்டிபேலியோ மணவிலக்குப் பத்திரத்தை லீனாவின் முன் வைக்கிறான். அவள் தயங்காமல் ஒப்பமிடுகிறாள். ஒப்பமிட்ட பின் அவள் ஆற்றும் செயலே நாடகத்தின் உயிர்நாடி. இனி நீர் என் கணவர் அல்லர்; ஆகவே போதகர் என்ற முறையில் என் பாவ அறிக்கையைக் கேட்டருள வேண்டும் என்கிறாள். கணவனிடம் சொல்ல இயலாததைப் போதகனிடம் சொல்கிறாள்: தான் வஞ்சிக்கப்பட்டதையும், தன் அன்பு என்றும் அவனிடமே இருந்ததையும். இதற்கிடையில் மானம் பொறாத தந்தை ஸ்தங்கார், ரபயேலேயைக் கொன்றுவிட்டு வருகிறார்.

இறுதிக் காட்சி கோயிலில். போதகன் மேடையேறி மறைநூலைத் திறக்கிறான். விபசாரக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணை ஏசுநாதர் மன்னித்த பகுதி கண்ணிற் படுகிறது. கூட்டத்தின் நடுவே மண்டியிட்டிருக்கும் மனைவியைப் பார்த்தவாறே அதனைப் படிக்கிறான். மன்னிப்பை உணர்த்தும் அந்த ஒரு சொல்லை மக்கள் அனைவரும் ஒருங்கே எதிரொலிக்க, திரை விழுகிறது.

தணிக்கையாளர் கத்தரி

இந்நாடகம் எமில் சுவெஸ்த்ரே, யூஜீன் பூர்ஷ்வா என்ற இரு பிரெஞ்சு எழுத்தாளர்கள் எழுதி 1849இல் பாரிசில் நடிக்கப்பட்ட நாடகத்தைத் தழுவியது. இத்தாலிய மொழியில் பாடலாக்கித் தந்தவர் பிரான்சிஸ்கோ மரியா பியாவே. அரங்கேற்றம் திரியெஸ்தே நகரப் பெரிய அரங்கில் 1850ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் நடைபெற்றது.

அந்நாளில் திரியெஸ்தே ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகம். 1848இல் ஐரோப்பா எங்கும் எழுந்த கிளர்ச்சிகள் அடக்கப்பட்டு இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. மேடையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் அதிகாரிகள் ஐயக்கண் கொண்டு நோக்கினர். இந்நாடகத்திலோ அவர்களை அச்சுறுத்துவன பல இருந்தன. குருமார் மணம் செய்துகொள்ளாத கத்தோலிக்க மக்களிடையே, மனைவியுள்ள போதகன் கதைத் தலைவன் ஆகிறான். மணவிலக்கு மேடையில் நிகழ்கிறது. மறைநூல் வாசகம் நாடக அரங்கில் ஒலிக்கிறது.

விளைவு யாதெனில், கதையின் உயிர்நிலையிலேயே கத்தரி விழுந்தது. போதகரே, என் பாவ அறிக்கையைக் கேளும் என்று லீனா வேண்டும் இடத்தில், ரொடோல்போ, நான் சொல்வதைக் கேளும் என்று மாற்றப்பட்டது. இரண்டும் வேண்டுகோள்தாமே என்று தோன்றலாம். ஆனால், கணவனை விடுத்துப் போதகனை அவள் அழைப்பதில்தான் அக்காட்சியின் பொருளே அடங்கியிருக்கிறது. அப்பொருள் ஒரு சொல் மாற்றத்தால் அழிந்தது. இறுதிக் காட்சியில் மறைநூல் சொற்களும் விலக்கப்பட்டன. மன்னிப்பு எங்கிருந்து வந்தது என்பதே புலப்படாமல் நாடகம் முடிந்தது.

வேறு சில நகரங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே போதகன் ஜெர்மன் நாட்டு முதலமைச்சனாக மாற்றப்பட்டு, நாடகத்தின் பெயரும் ‘குலியெல்மோ வெல்லிங்ரோடே’ என்றாயிற்று. மன்னிப்பைப் போதிக்கும் கடமையே இல்லாத ஓர் அமைச்சனுக்கு இக்கதையில் என்ன வேலை?

இந்நாடகம் உருவான காலத்தில் வெர்டியின் சொந்த வாழ்வும் ஊராரின் பழிச்சொல்லுக்கு ஆளாகியிருந்தது. முதல் மனைவியையும் இரு குழந்தைகளையும் இளமையிலேயே இழந்த அவர், ஜூஸெப்பீனா ஸ்த்ரெப்போனி என்ற பாடகியுடன் 1849 முதல் தம் ஊர்ப்புறமான புஸ்ஸெத்தோவில் வாழ்ந்து வந்தார். இருவரும் அப்போது மணம் புரிந்திருக்கவில்லை, 1859இல்தான் மணந்தனர். அம்மையாரின் முன்வாழ்க்கையைச் சுட்டி ஊரார் ஒதுக்கினர். இதனால் வெர்டி தம் கதையையே எழுதினார் என்று முடிவு கட்டுவது பொருந்தாது. லீனா வேறு, ஜூஸெப்பீனா வேறு. எனினும், சமுதாயத்தால் ஒதுக்கப்பட்ட பெண்ணின் துயரத்தை அவர் வீட்டிலேயே கண்டிருந்தார் என்பது மறுக்க முடியாதது.

மறைந்ததும் மீண்டதும்

சிதைந்த உருவில் தம் படைப்பு உலவுவதைப் பொறாத வெர்டி அதனைத் திரும்பப் பெற்று, ‘அரோல்தோ’ என்னும் புதிய நாடகமாக மாற்றினார். போதகன் சிலுவைப் போர் வீரன் ஆனான். கடைசி அங்கம் ஸ்காத்லாந்தின் ஏரிக்கரைக்குச் சென்றது. 1857ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ரிமினி நகரில் அரங்கேறிய அந்நாடகமும் நிலைத்த புகழ் பெறவில்லை. புதிய நாடகத்திற்காகப் பழைய இசைச் சுவடியிலிருந்தே பல தாள்களை அவர் எடுத்துக்கொண்டமையால், ‘ஸ்டிபேலியோ’ முழு உருவில் இல்லாமலே போயிற்று என்று பலரும் நம்பினர்.

அதனைக் காப்பாற்றியவர்கள் பெயர் தெரியாத படியெடுப்போர். அரங்குகளின் தேவைக்காக அவர்கள் கூலிக்கு எழுதிய இசைப்படி ஒன்று நேப்பிள்ஸ் இசைக் கல்லூரியில் 1960களில் கண்டெடுக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பார்மா நகரில் பீட்டர் மாக் இசை நடத்த, நாடகம் மறுபிறவி எடுத்தது. ஆயினும், படியெடுப்போர் படியில் பிழைகளும் தணிக்கையின் வடுக்களும் இருந்தன. 1992இல் வெர்டியின் வழித்தோன்றல்கள் தங்களிடமிருந்த கைப்பிரதித் தாள்களை ஆராய்ச்சியாளர் காண இசைந்த பின்னரே, வெர்டி எழுதிய உண்மையான சொற்களும் இசையும் தெளிவாயின. அதன் பயனாய்த் திருந்திய பதிப்பு உருவாயிற்று.

திரையிற் காணும்போது

அடுத்த 1993ஆம் ஆண்டிலேயே இரு பேரரங்குகள் இதனை மேற்கொண்டன. லண்டன் கவெண்ட் கார்டன் அரங்கில் எலைஜா மொஷின்ஸ்கியின் இயக்கத்தில் ஹொசே கரேராஸ் போதகனாகவும் காத்தரின் மால்பித்தானோ லீனாவாகவும் பாடினர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் பிளாசிடோ டொமிங்கோவும் ஷாரன் ஸ்வீட்டும் பாடினர். இரண்டும் படமாக்கப்பட்டன. 2017இல் பார்மாவின் பழம்பெரும் பார்னேசே அரங்கில் கிரகாம் விக் நடத்திய நிகழ்ச்சியும் படமாயிற்று. அதில் பார்வையாளருக்கு இருக்கைகளே இல்லை. நடிகர்களின் நடுவே அவர்கள் நின்றும் நடந்தும் கண்டனர்.

இந்நாடகத்திற்குப் படக்கருவி செய்யும் உதவி பெரிது. இதன் பெருமை ஆரவாரத்தில் இல்லை, முகமாற்றத்தில் இருக்கிறது. இறுதிக் காட்சியில் தலைவனுக்குப் பெரிய பாட்டு எதுவுமே இல்லை. தாழ்ந்த குரலில், ஏறத்தாழ ஒரே சுரத்தில், மறைநூலை ஓதுவது போலப் பாடுகிறான். பெரிய அரங்கில் தொலைவிலிருந்து காண்போர் பலர் அம்முகத்தைக் காண இயலாது. படத்திலோ அம்முகம் கண்முன் நிற்கிறது.

அம்முகத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். போதகன் மன்னித்துவிட்டான், கணவன் மன்னித்தானா? இவ்வினாவிற்கு நாடகம் வெளிப்படையாக விடை கூறவில்லை. மணவிலக்குப் பத்திரம் கிழிக்கப்படவில்லை, கொலையுண்டவன் உயிர்த்தெழவில்லை. கடிதப் பையைத் தீயில் இட்டபோது எளிதாயிருந்த அதே மன்னிப்பு இப்போது அவனைக் கசக்கிப் பிழிந்து வெளிவருகிறது. அறம் உரைப்போர் யாராயினும் ஒரு நாள் எதிர்ப்படக் கூடிய சோதனை இது. 1850இல் திரியெஸ்தே மக்கள் பணம் கொடுத்து அரங்கில் அமர்ந்தும், இக்காட்சியின் உண்மைச் சொற்களைக் கேட்கும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. இன்று படத்தைக் காண்போர்க்கு அது வாய்த்திருக்கிறது.