ஆளுக்கேற்ற கோல்

தமிழில் கோல் என்னும் சொல் பல கைகளில் பல பொருள் தருவது. அரசன் கையில் அது செங்கோல். வணிகன் கையில் துலாக்கோல். புலவன் கையில் எழுதுகோல். முதியோர் கையில் ஊன்றுகோல். இவற்றுள் ஊன்றுகோல் ஒன்றே பிடிப்பவரின் உயரத்தைப் பார்த்து அறுக்கப்படுவது. பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர், பூல் என்னும் மேசைப் பந்தாட்டங்களில் பயன்படும் 'கியூ' என்ற ஆட்டக்கோலும் ஊன்றுகோலின் இனத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அதனைச் செங்கோலைப் போல் மாற்றமுடியாத ஒன்றாகக் கருதி, அதற்கேற்பத் தம் உடலை வளைத்துக்கொள்வோர் இன்றும் பலர்.

தலைநகரில் நாம் முன்பு பணிபுரிந்த ஓர் அலுவலகத்தின் பொழுதுபோக்கு மன்றத்தில் இத்தகைய மேசை ஒன்று இருந்தது. சுவரோரச் சட்டத்தில் ஆறு கோல்கள் நின்றன. ஆறும் 58 அங்குலம். நம் நண்பர் ஒருவர், ஐந்தடிக்கு ஓரங்குலமே மேற்பட்டவர், மூன்று மாதம் விடாது பழகினார். பந்து அவர் சொற்படி கேட்கவில்லை. ஒருநாள் மாலை, "இது நெட்டையர் ஆட்டம் ஐயா, நமக்கு ஆகாது" என்று கூறிக் கோலைச் சட்டத்தில் சாய்த்தவர், பின்னர் அதைத் தொடவே இல்லை. குற்றம் அவர் உடலில் இல்லை, கோலில்தான் இருந்தது என்று எடுத்துச் சொல்ல அன்று நமக்குத் தெரியாது. அக்கடனை இப்போதேனும் தீர்க்க எண்ணி, கோலின் நீளம் எவ்வாறு அமைந்தது என்பதையும், அதனை எவ்வாறு தேர்ந்துகொள்வது என்பதையும் இங்கே காண்போம்.

பில்லியர்ட்ஸ் ஆட்டம் ஐரோப்பாவில் புல்தரையில் ஆடப்பட்ட பந்தாட்டங்களிலிருந்து பிறந்தது என்பது அறிஞர் கருத்து. பதினைந்தாம் நூற்றாண்டில் அது வீட்டுக்குள் புகுந்து மேசைமேல் ஏறிற்று. மேசையின் பச்சைத் துணி, பழைய புல்தரையின் நினைவே என்பர். அக்காலத்தில் பந்தை அடிக்கும் கோல் இல்லை. தள்ளும் கருவியே இருந்தது. நீண்ட பிடியும் அதன் அடியில் தட்டையான மரப்பாதமும் கொண்ட அக்கருவிக்கு 'மேஸ்' என்று பெயர். ஆடுபவர் நிமிர்ந்து நின்று, பிடியைத் தோளருகே உயர்த்தி, பாதத்தைப் பந்தின் பின்னால் வைத்துத் தள்ளுவார். குனியவேண்டியதில்லை, இரு கைகளும் ஒரு நேர்கோட்டில் அமையவேண்டியதில்லை. ஆதலின் பிடி ஓரிரு அங்குலம் நீண்டாலும் குறைந்தாலும் பெரும் வேறுபாடு இல்லை.

பந்து மேசையின் ஓரத்தை ஒட்டி நின்றுவிட்டால் மட்டும் இடர்ப்பாடு நேர்ந்தது. அகன்ற பாதத்தை அங்கே நுழைக்க இயலாது. அப்பொழுது ஆடுபவர் மேஸைத் திருப்பிப் பிடித்து, அதன் மெல்லிய முனையால் பந்தைக் குத்துவார். பிரெஞ்சு மொழியில் அம்முனைக்குக் 'கியூ' என்று பெயர். அதன் பொருள் வால். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின் வேர் இன்பம் தருவதாகும். தலை செய்யமுடியாத வேலையை வால் செய்தது, நாளடைவில் வாலே தனிக்கருவியாயிற்று, தலை மறைந்துபோயிற்று. ஆங்கிலம் அப்பெயரை அவ்வாறே ஏற்றுக்கொண்டது.

வாலால் அடிக்கத் தொடங்கியதும் ஆடுபவரின் நிலையே மாறிற்று. அவர் மேசைமேல் குனியவேண்டியதாயிற்று. ஒரு கை மேசைமேல் ஊன்றிக் கோலின் முன்பகுதியைத் தாங்கியது. மறு கை பின்பகுதியைப் பற்றி முன்னும் பின்னும் ஊசலாடியது. இவ்விரு கைகளுக்கும் இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறுபடுவது. நீளம் என்னும் சிக்கல் பிறந்த இடம் இதுவே.

இச்சிக்கலைக் கூர்மையாக்கிய புதுமைகள் மூன்று. முதலாவது, தோல் நுனி. பிரெஞ்சுப் படைத்தலைவரான பிரான்சுவா மெங்கோ என்பவர் சிறையில் இருந்தபோது கோலின் நுனியில் தோல் பொருத்தும் முறையைச் செம்மை செய்தார் என்பது வழங்கிவரும் வரலாறு. அவர் 1807-ஐ ஒட்டி விடுதலை பெற்றபின் அம்முறை பரவியது. இரண்டாவது, நுனியில் தேய்க்கும் சுண்ணப்பொடி. இங்கிலாந்தின் பாத் நகரில் ஜாக் கார் என்பவர் அதன் பயனைக் காட்டிப் புகழ் பெற்றார். மூன்றாவது, மேசையின் பலகைக்குப் பதிலாகக் கற்பலகை. இலண்டனில் ஜான் தர்ஸ்டன் 1826-இல் இதனைப் புகுத்தினார். மரநுனி பந்தின் நடுவை விட்டுச் சற்று விலகினாலும் வழுக்கிவிடும். தோலும் சுண்ணமும் வழுக்காமல் பற்றிக்கொள்ளும். அதன் பயனாகப் பந்தை வலமும் இடமும் சுழலச் செய்யவும், முன்னேறவும் பின்வாங்கவும் செய்யவும் இயன்றது. ஆனால் இந்த ஆற்றலுக்கு ஒரு விலை உண்டு. கோல் நேராகச் செல்லவேண்டும். நூலிழை விலகினும் வேண்டாத சுழற்சி பந்தில் ஏறிவிடும். ஆகவே, கைக்குப் பொருந்தாத கோலால் முன்னர் விளையாத கேடு இப்போது விளைந்தது.

இனி 58 அங்குலம் என்னும் கணக்கைப் பார்ப்போம். ஆங்கில மேசை பன்னிரண்டு அடி நீளமும் ஆறு அடி அகலமும் உடையதாய் நிலைபெற்றது. தரையிலிருந்து அதன் ஓரச்சட்டத்தின் மேற்புறம் ஏறத்தாழ 34 அங்குல உயரம். அதன் முன் குனிந்து நிற்கும் நடுத்தர உயரமுள்ள ஆங்கில ஆடவரின் கைக்கு 57 அல்லது 58 அங்குலக் கோல் இசைந்தது. கோல் செய்வோர் அதனையே பெருவாரியாகச் செய்தனர். மேசையைச் சுற்றிக் கோலை வீச ஐந்தடி இடம் வேண்டும் என்று கொண்டு, அறையின் அளவை 22 அடிக்கு 16 அடி என வகுத்தனர். இவ்வாறு கோலின் நீளம் கட்டடத்தின் சுவரையே நிர்ணயித்தது. சுவர் எழும்பியபின் அந்நீளம் இயற்கையின் நியதி போலத் தோன்றலாயிற்று. உண்மையில் அது வழக்கமே, விதியன்று.

அவ்வழக்கம் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1875-இல் ஜபல்பூரில் இருந்த படை அதிகாரிகளின் விடுதியில் நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் அதிகாரி, பழைய ஆட்டம் ஒன்றில் வண்ணப் பந்துகள் சிலவற்றைச் சேர்த்து ஸ்நூக்கர் ஆட்டத்தை உருவாக்கினார். பின்னர் அதன் விதிகள் நம் உதகமண்டலத்து மன்றத்தில் வரையறுக்கப்பட்டுச் சுவரில் தொங்கவிடப்பட்டன. ஆக, உலகெங்கும் ஆடப்படும் இவ்வாட்டத்தின் பிறப்பிடம் நருமதைக் கரையை அடுத்த ஊர், வளர்ப்பிடம் நீலகிரி. எனினும் அந்நாளைய மன்றங்கள் பலவற்றில் இந்தியர் மேசையருகே நின்றது மார்க்கராக, அதாவது எண்ணிக்கை குறிப்பவராகவே. சட்டத்தில் நின்ற கோல்கள் வேறொருவர் கையளவுக்குச் செய்யப்பட்டவை. இந்நிலை மெல்ல மாறிற்று. 1958-இல் கல்கத்தாவில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் புனேயில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் வாகை சூடினார். 1964-இல் நியூசீலாந்தில் மீண்டும் வென்றார். மைக்கேல் பெரைரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி முதலியோர் அவ்வழியை அகலமாக்கினர்.

கோலின் நீளத்தைப் பற்றிச் சட்டம் என்ன கூறுகிறது? அதற்கும் ஒரு சுவையான வரலாறு உண்டு. 1938-இல் இலண்டனில் தர்ஸ்டன் மண்டபத்தில் டாம் நியூமன் என்பாருடன் ஆடிக்கொண்டிருந்த அலெக் பிரவுன், நெருங்கிக் கிடந்த பந்துகளுக்கு இடையே அடிக்கவேண்டிய இக்கட்டில் சிக்கினார். உடனே தம் சட்டைப் பையிலிருந்து பேனா அளவே உள்ள சிறு கோல் ஒன்றை எடுத்தார்! அதன் நுனியில் முறைப்படி தோலும் இருந்தது. அதனால் பந்தை அடித்தார். நடுவர் அக்கோலை வாங்கிப் பார்த்து, அது தவறான அடி என்று தீர்ப்பளித்தார். இதன்பின் ஆட்சிக் கழகம் கோல் மூன்றடிக்குக் குறையலாகாது என்று விதி செய்தது. ஸ்நூக்கரில் இன்றும் அதுவே விதி. பூல் ஆட்டத்தின் உலக விதியோ 40 அங்குலத்தைக் கீழெல்லையாகக் கொள்கிறது, மேலெல்லை வகுக்கவில்லை. எனவே 58 அங்குலக் கோலைத்தான் ஏந்தவேண்டும் என்று எந்தச் சட்டமும் எவரையும் கட்டுப்படுத்தவில்லை.

அவ்வாறாயின் தமக்குரிய நீளத்தை ஒருவர் எங்ஙனம் அறிவது? நிமிர்ந்து நின்று, கோலைப் பக்கத்தில் நிறுத்தி, அது தோளுக்கும் முகவாய்க்கும் இடையே வருகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். முதல் மதிப்பீட்டுக்கு அது போதும், முடிவுக்குப் போதாது. ஒரே உயரமுள்ள இருவரின் கைகள் ஒரே நீளமாக இருப்பதில்லை. நிற்கும் முறையும் வேறுபடும். மேசைமேல் அதிகம் குனியாது நிற்பவரின் இரு கைகளும் சற்று நெருங்கியிருக்கும். முகவாய் கோலைத் தொடுமளவு தாழ்ந்து, முன்கையை நன்கு நீட்டி ஆடுபவருக்குக் கைகளிடையே தூரம் மிகும். ஆகவே நிலையை முதலில் உறுதி செய்துகொண்டு, பின்னரே நீளத்தை அளக்கவேண்டும்.

அளக்கும் முறை எளிது. வழக்கமான நிலையில் நின்று, கோலின் நுனி பந்தைத் தொடும் தறுவாயில் அசையாது நிற்க. தாங்கும் கைக்கும் பந்துக்கும் இடையே எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் இருக்கட்டும். பக்கத்தில் நிற்கும் நண்பர் ஒருவர், பின்கையின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள பகுதி தூக்குநூல் போல் செங்குத்தாகத் தொங்குகிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். செங்குத்தாக இருக்கும்போது, பிடித்த கைக்குப் பின்னால் இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை கோல் எஞ்சினால் அதுவே பொருத்தம். ஒரு சாண் எஞ்சினால் கோல் நீளம். கை கோலின் முடிவைக் கடந்து வெறுமையைத் தேடினால் கோல் குறுகியது.

நீளம் மிகுந்தால் என்ன கேடு? குட்டையானவர் கையைச் செங்குத்தாக வைத்துப் பிடித்தால், அடிமரத்தின் பெரும்பகுதி கைக்குப் பின்னால் தங்கி நுனி இலேசாகிவிடும், கோல் அடங்காது. அதைத் தவிர்க்கக் கோலின் கடைசியைப் பற்றினால், கை பின்னோக்கிச் சாயும். அடிக்கும்போது முழங்கை இறங்கிக் கோலின் வழி கோணும். அன்றேல் தாங்கும் கையைப் பந்திலிருந்து வெகுதூரம் பின்னுக்கு இழுக்க நேரும். அப்போது சிறு பிழையும் நுனியில் பெரும் பிழையாகும். நம் நண்பர் இம்மூன்றையும் மாறிமாறிச் செய்தார் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. நெட்டையர்க்கு நேர்வது இதன் மறுதலை. அவர்கள் கோலின் அடியில் திருகிப் பொருத்தும் நீட்டுத்துண்டால் குறையைப் போக்கிக்கொள்ளலாம். சிறுவர்க்கும் சுவர் நெருங்கிய அறைக்கும் என 48, 52 அங்குலக் கோல்களும் செய்யப்படுகின்றன. உயரம் குறைந்த பெரியோர் அவற்றையோ, இடைப்பட்ட அளவையோ கேட்டு வாங்குவதில் இழுக்கொன்றும் இல்லை.

நீண்ட கோலை அறுத்துக் குறைப்பதும் உண்டு. அவ்வாறாயின் அடிப்பக்கமே அறுக்கவேண்டும். நுனியை அறுத்தால் தடித்த பகுதி முன்னுக்கு வந்துவிடும். அடியை அறுக்கும்போது எடை குறைந்து நிறைநடு முன்னோக்கி நகரும். தேர்ந்த தொழிலாளி உள்ளே சிறிது ஈயம் வைத்து அதனைச் சரிசெய்வார்.

நம் நண்பர் வேற்றூருக்கு மாற்றலாகி ஆண்டுகள் பலவாயின. அவர் இவ்வுரையைக் கேட்க நேர்ந்தால், நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. மன்றத்துச் சட்டத்தில் நின்ற அக்கோல்கள் எவரோ ஒருவருக்காகச் செய்யப்பட்டவை, தங்களுக்காக அல்ல. அடுத்த முறை மேசையை அணுகும்போது ஐம்பத்திரண்டு அங்குலக் கோல் ஒன்றைக் கேட்டு வாங்கி, கையைச் செங்குத்தாக்கி, ஒருமுறை அடித்துப் பாருங்கள்.