போக்கர் மேஜையில் சிப்ஸ் வைத்து பந்தயம் கட்டுவது எப்படி? 'ஆல்-இன்' சொன்னால் என்ன ஆகும்?

சினிமாவில் ஹீரோ வட்ட வட்டமான வில்லைகளை மொத்தமாக முன்னே தள்ளிவிட்டு 'ஆல்-இன்' என்பார். எதிரில் இருப்பவருக்கு வியர்க்கும். அந்த வில்லைகள்தான் சிப்ஸ். அவற்றை எப்போது வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு கறாரான விதிகள் இருக்கின்றன. அதிகம் ஆடப்படும் 'நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டம்' முறையை வைத்து பார்க்கலாம்.

சிப்ஸ் என்பது பணமா?

கேசினோவில் பணத்தைக் கொடுத்தால் அதே மதிப்புக்கு சிப்ஸ் தருவார்கள். அமெரிக்காவில் பொதுவாக சிவப்பு 5 டாலர், பச்சை 25, கருப்பு 100. எழுந்து போகும்போது மீண்டும் பணமாக மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் டோர்னமென்ட் என்றால் கதையே வேறு. உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். ஆனால் கையில் தரப்படுவது 60,000 மதிப்புள்ள சிப்ஸ். அதை கவுன்டரில் கொடுத்து காசாக்க முடியாது. அது தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது, அவ்வளவுதான்.

பந்தயம் எப்படி தொடங்கும்?

சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே 2 பேர் கட்டாயம் சிப்ஸ் வைக்க வேண்டும். சிறிய தொகை 'ஸ்மால் பிளைண்ட்', பெரிய தொகை 'பிக் பிளைண்ட்'. இது இல்லையென்றால், நல்ல சீட்டு வரும் வரை எல்லோரும் சும்மாவே உட்கார்ந்திருப்பார்கள்.

ஆளுக்கு 2 சீட்டு கொடுத்ததும் முதல் சுற்று. பிறகு மேஜையில் 3 பொதுச் சீட்டு, அடுத்து ஒன்று, கடைசியாக இன்னொன்று. ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று பந்தயம். ஆக மொத்தம் 4 சுற்று.

உங்கள் முறை வந்தால் என்ன செய்யலாம்?

* செக்: யாரும் பந்தயம் கட்டாதபோது, எதுவும் வைக்காமல் அடுத்தவருக்கு விடுவது.
* பெட்: அந்தச் சுற்றில் முதல் பந்தயம் கட்டுவது.
* கால்: எதிராளி வைத்த அதே தொகையை வைப்பது.
* ரெய்ஸ்: அதற்கு மேல் ஏற்றுவது. ஒருவர் 20 கட்டினால், குறைந்தது 40 ஆக ஏற்ற வேண்டும்.
* ஃபோல்ட்: சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவது. அதுவரை வைத்தது திரும்ப வராது.

சிப்ஸ் தீர்ந்துவிட்டால்?

ஆட்டத்தின் நடுவே பாக்கெட்டில் இருந்து பணம் எடுக்கக் கூடாது. மேஜையில் இருப்பது மட்டும்தான் கணக்கு. அதை முழுசா வைப்பதுதான் 'ஆல்-இன்'.

உதாரணமாக, ஒருவரிடம் 50, இரண்டாமவரிடம் 120, மூன்றாமவரிடம் 200 சிப்ஸ். முதல் இருவரும் ஆல்-இன். மூன்றாமவர் 120 வைக்கிறார். முதலாமவர் போட்டது 50 மட்டும் என்பதால், ஆளுக்கு 50 வீதம் 150 பொதுக் குவியலில் சேரும். மீதி 140 தனிக் குவியல். முதலாமவர் ஜெயித்தாலும் 150 மட்டுமே அவருக்கு. அந்த 140, மற்ற இருவரில் நல்ல சீட்டு வைத்திருப்பவருக்கு.

வாயில் வந்தால் வந்ததுதான்

முறை வந்ததும் 'ரெய்ஸ்' என்று சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது. கொஞ்சம் வைத்து, எதிராளி முகத்தைப் பார்த்துவிட்டு மேலும் சேர்ப்பதும் செல்லாது. எதிராளியின் பந்தயத்துக்கு பதிலாக, ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பை வீசினால் அது 'கால்' மட்டுமே.

1982 உலக போக்கர் தொடரில் ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாவற்றையும் இழந்ததாக நினைத்து எழுந்தபோது, ஒரே ஒரு சிப் மிச்சம் கிடந்தது. அவர் 'ஆல்-இன்' என்று வாயால் சொல்லாததால் தொடர்ந்து ஆட அனுமதிக்கப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. கடைசியில் பட்டம் அவருக்கே!

இந்தியாவில் சட்டம் என்ன?

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் போக்கரும் இதில் அடக்கம்.

நோட்டாக எண்ணிக் கொடுக்கும்போது ஒரு நிமிஷம் கை தயங்கும். வண்ண வில்லையாகவோ, செல்போன் திரையில் வெறும் எண்ணாகவோ இருந்தால் அந்தத் தயக்கம் வராது. சிப்ஸில் இருக்கும் ஆபத்தே அதுதான். தள்ளும்போது அது வில்லை, தோற்ற பிறகுதான் அது சம்பளம்.