ஊராட்சியின் செய்தி ஊரை வந்தடைந்த வரலாறு

ஓர் ஊரின் ஆட்சி உண்மையிலேயே ஊராருடையதுதானா என்பதை அறிய இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தல் போதுமானது. நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்போர் யார் என்பது ஒன்று. நிர்வாகத்தில் நடப்பவை ஊராருக்கு எவ்வழியில் தெரிய வருகின்றன என்பது மற்றொன்று. முதற் கேள்வியைத் தேர்தல் காலங்களில் நாம் போதிய அளவு பேசுகிறோம். இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் மறந்து விடுகிறோம். ஆண்டுதோறும் வரவு செலவை அச்சிட்டு ஜமாஅத்தார் முன் வைக்கும் இம்மலரில் அவ்விரண்டாவது கேள்வியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண விழைகிறோம்.

கல்லில் எழுதிய அறிவிப்பு

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் காணப்படும் கல்வெட்டுகள் நாடறிந்தவை. முதலாம் பராந்தகச் சோழனின் காலத்தில், கி.பி. 919 மற்றும் 921 ஆம் ஆண்டுகளில் அவை பொறிக்கப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதும், தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்ததும், ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு அவ்வாறு உறுப்பினர் அமர்த்தப்பட்டதும் அவற்றால் தெரிய வருகின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது என்ற விதி நம் கவனத்துக்குரியது.

அவ்விதிகள் ஓலைச்சுவடியில் மட்டும் எழுதப்பட்டு ஒருவர் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைக்கப்படவில்லை. பலரும் வந்து செல்லும் இடத்தில், அழியாத கல்லில் வெட்டப்பட்டன. சுவரே அறிவிப்புப் பலகையாயிற்று. எனினும் இதனை முழுமையான மக்களாட்சி என்று கொண்டாடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 வயதுக்கு உட்பட்ட ஆடவர்களுக்கே குடத்தில் இடம் கிடைத்தது. உழுதவருக்கும் பெண்களுக்கும் அதில் ஓலை இல்லை.

பட்டயமும் சட்டமும்

ஆங்கிலேயர் காலத்தில் உள்ளாட்சி வேறொரு வடிவில் வந்தது. 1687 ஆம் ஆண்டு டிசம்பரில் வழங்கப்பட்ட பட்டயத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கப் பெற்றது. கோட்டைக்கும் நகருக்கும் ஆகும் செலவை நகரத்தாரிடமிருந்தே வரியாகப் பெற வேண்டும் என்பதே கிழக்கிந்தியக் கம்பெனியின் முதன்மை நோக்கமாக இருந்தது. வரி கேட்பவர் நகரத்தாரையும் அவையில் அமர்த்திக் கொண்டால் வசூல் எளிதாகும் என்று அவர்கள் கருதினர்.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1882 மே 18 அன்று ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் இந்நோக்கை ஓரளவு மாற்றியது. நிர்வாகத் திறனை உயர்த்துவதைக் காட்டிலும், மக்களுக்கு அரசியல் பயிற்சி அளிப்பதே உள்ளாட்சியின் பயன் என்று அத்தீர்மானம் கூறியது. அதன் விளைவாக 1884 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் மாவட்ட நகராட்சிகள் சட்டமும், ஸ்தல ஸ்தாபனங்கள் சட்டமும் இயற்றப்பட்டன. ஜில்லா போர்டு, தாலூகா போர்டு, யூனியன் என மூன்று படிகள் அமைந்தன. சாலை, விளக்கு, துப்புரவு ஆகியவற்றைக் கவனித்த அந்த யூனியன்களே இன்றைய பேரூராட்சிகள் பலவற்றுக்கு முன்னோடி எனலாம். ஆயினும் வாக்குரிமை சொத்தும் வரியும் உடையவர்க்கே உரியதாயிருந்தது. அலுவலக நடவடிக்கைகளோ ஆங்கிலத்தில் அமைந்து, எழுத்தறிந்த சிலருக்கே எட்டின.

தண்டோராவின் கதை

எஞ்சிய மக்களுக்குச் செய்தி எப்படிச் சென்றது? தண்டோரா மூலமாகவே சென்றது. வரி கட்டக் கடைசி நாள், ஏலம், அம்மை குத்துதல், ஏரி மதகு திறத்தல், ஊர்க் கூட்டம் ஆகிய அனைத்தையும் தெருமுனைகளில் பறையறைந்து கூறினர். எழுத்தறிவு குறைந்திருந்த காலத்தில் இதைவிடச் சிறந்த செய்திப் பரப்பு இருந்ததில்லை. ஆனால் பறையை எடுத்துத் தெருத்தெருவாக நடந்தவர் பிறப்பின் காரணமாகவே அப்பணிக்கு அமர்த்தப்பட்டவர். ஊர்க் கூட்டத்துக்கு அனைவரையும் அழைத்தவருக்கு அக்கூட்டத்தில் சமமாய் அமர இடம் இருந்ததில்லை. செய்தியைச் சுமந்தவர் அச்செய்திக்கு உரியவராக ஆகவில்லை என்பது நம் உள்ளாட்சி வரலாற்றின் கசப்பான பக்கமாகும். 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலர், தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட்டு ஒலிபெருக்கி கொண்டு அறிவிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது இதனாலேயே.

வெற்றிடமாய்க் கழிந்த ஆண்டுகள்

விடுதலைக்குப் பின், காமராசர் ஆட்சியில் 1958 ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் வந்தது. பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்து, பள்ளி, சாலை, குடிநீர்ப் பணிகள் அவற்றின் பொறுப்பாயின. ஆனால் 1970 ஆம் ஆண்டில் நடைபெற்ற ஊராட்சித் தேர்தலுக்குப் பின், அடுத்த தேர்தல் 1986 ஆம் ஆண்டில்தான் நடைபெற்றது. சென்னை மாநகராட்சியின் மன்றம் 1973 இல் கலைக்கப்பட்டு, 1996 வரை 23 ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றியே கழிந்தது. அக்காலங்களில் தனி அலுவலர்கள் நிர்வாகத்தை நடத்தினர். சாலைகள் போடப்பட்டன, விளக்குகளும் எரிந்தன. எனினும் ஏன் இந்தத் தெருவுக்கு முதலில், ஏன் அந்தத் தெருவுக்கு இல்லை என்று கேட்பதற்கு வார்டு உறுப்பினர் என ஒருவர் இல்லை. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் விடை சொல்லும் கடமையும் மெல்ல மறைந்து போகிறது.

இக்குறையைப் போக்கவே 73, 74 ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் 1993 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், மகளிருக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம், பட்டியலினத்தாருக்கு மக்கள் தொகைக்கேற்ற இடம் ஆகியன உறுதி செய்யப்பட்டன. 1994 இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டு, 1996 அக்டோபரில் தேர்தல் நடைபெற்றது. மகளிர் பங்கு 2016 இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

உயிர் கொடுத்துப் பெற்ற நாற்காலி

சட்டம் வந்தவுடன் சமத்துவம் வந்துவிடவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியலினத்தாருக்கு ஒதுக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. தலைவராகத் தேர்வு பெற்ற முருகேசனும் மற்றும் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து ஊர் திரும்பும் வழியில் பேருந்தை மறித்துப் படுகொலை செய்யப்பட்டனர். ஊராட்சித் தலைவர் என்னும் எளிய பொறுப்புக்கு அவர் தம் உயிரையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில், இட ஒதுக்கீட்டை ஏற்க மறுத்த எதிர்ப்பினால் பத்தாண்டுக் காலம் முறையான தலைவர் நிலைபெற இயலவில்லை. 2006 ஆம் ஆண்டில்தான் அங்குத் தேர்தல் முறையாக நடந்தேறியது. அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று கூடிய கிராம சபையில் மாநில முதலமைச்சரே வந்தமர்ந்தார். அந்தப் பதினைந்து ஆண்டுகளின் தொலைவை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பேரூராட்சி மக்களின் நிலை

கிராம ஊராட்சிகளில் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடி வந்தது. பின்னர் 2022 இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினர். வரவு செலவும் பயனாளிகள் பட்டியலும் அங்குப் படிக்கப்பட வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேரும், 10,000 பேருக்கு மேற்பட்ட ஊரில் 300 பேரும் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும்.

ஆனால் பேரூராட்சி, நகராட்சிகளில் வாழ்வோருக்கு இத்தகைய சபை நெடுங்காலம் இல்லை. 2004 இல் பேரூராட்சிகள் சிறப்பு நிலைக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006 இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. பலகையில் பெயர் மாறியதே அன்றி, மக்கள் கூடிக் கேட்கும் வழக்கம் ஊன்றவில்லை. மன்றத்தில் உறுப்பினர்கள் பேசினர். மக்களோ வெளியில் நின்று கேள்விப்பட்டதோடு சரி. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புறத் தேர்தல் நடைபெற்ற பின்னரே, வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் அவ்வாண்டில் வெளிவந்தன. கிராமத்தாருக்குக் கிடைத்த உரிமை நகரத்தாரை வந்தடையக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

கேட்டறியும் உரிமையில் தமிழகம் பின்தங்கியதன்று. தகவல் உரிமைக்கென 1997 ஆம் ஆண்டிலேயே இங்குச் சட்டம் இயற்றப்பட்டது. 2005 இல் வந்த மத்தியச் சட்டம், யாரும் கேட்கும் வரை காத்திராது வரவு செலவு, திட்டங்கள், அலுவலர் பொறுப்புகள் ஆகியவற்றைத் தாமாகவே வெளியிட வேண்டுமெனப் பொது அலுவலகங்களைப் பணித்தது. உத்திரமேரூர்ச் சுவர் சொன்னதும் அதுவே. வேறுபாடு என்னவெனில், அன்று சிலருக்குரியதாயிருந்தது இன்று ஒவ்வொருவருக்கும் உரியதாயிற்று.

நம் கடமை

தேர்தல் தவறிய காலங்கள் மீண்டும் வராமலில்லை. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக் காலத்துக்குப் பின் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடைபெற்றது. அவ்வாறு தேர்வானோரின் காலம் 2025 சனவரி 5 அன்று முடிவுற்றபோதும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். ஆகவே உறுப்பினர் இருக்கும் காலத்திலும் இல்லாத காலத்திலும் விழிப்புடனிருக்க வேண்டியவர் ஊராரே ஆவர்.

இதற்குப் பெரும் கல்வியோ செல்வாக்கோ தேவையில்லை. அறிவிப்புப் பலகையை நின்று படிப்பதும், சபை கூடும் நாளை அண்டை வீட்டாருக்குச் சொல்வதும், வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துச் செல்வதும், தீர்மானத்தைப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுவதும் போதும். ஓர் அமைப்பின் கணக்கு அதன் உறுப்பினர் முன் படிக்கப்படுவதே முறை என்பதை இவ்வாண்டறிக்கையைக் கையில் ஏந்தியுள்ள எவருக்கும் நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அம்முறையை நம் தெருவுக்கும் வார்டுக்கும் உரியதாகக் கொள்வோமாயின், மேலவளவில் சிந்திய குருதிக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவேயாகும்.